சிவப்பணுவை வளர்க்கும் விழுங்கணு

நம் எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களாவது பிறக்கின்றன. அவை தனியாக வளர்வதில்லை என்று 1958-இல் பிரெஞ்சு ரத்தவியலாளர் மார்செல் பெஸ்ஸி காட்டினார். நடுவில் மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கணு. அதை ஒட்டிச் சுற்றிலும் முதிர்ச்சியின் வெவ்வேறு படிகளில் இளம் சிவப்பணுக்கள். இந்தக் கூட்டத்துக்குத் தீவு என்று பெயர். கிருமிகளை விழுங்கும் காவல் அணு என்று நாம் படித்த ஒன்று, இங்கே செவிலித்தாயாக இருக்கிறது.

இந்த உறவின் ஆழம் கடைசிக் கட்டத்தில்தான் தெரிகிறது. முதிரும் அணு தன் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளி, மெல்லிய சவ்வு போர்த்திய உருண்டையாக வெளியேற்றுகிறது. சற்று நேரத்தில் அந்த உருண்டையின் மேற்பரப்பில் பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு தலைகாட்டும். அதை அடையாளம் கண்டு மேக்ரோஃபேஜ் உருண்டையை விழுங்கி, உள்ளிருக்கும் டிஎன்ஏவைச் செரித்துவிடுகிறது. செரிக்காவிட்டால்? செரிக்கும் நொதியை நீக்கிய எலிக் கருக்கள் கடும் ரத்தசோகையால் இறந்துபோனதை 2001-இல் ஜப்பானின் ஷிகெகாசு நகாட்டா குழு கண்டது. காரணம் 2005-இல் தெளிவானது. தேங்கிய டிஎன்ஏ மேக்ரோஃபேஜை உசுப்பி இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அதுதான் பக்கத்திலுள்ள இளம் சிவப்பணுக்களைக் கொல்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் உலுக்கிய முடிவு இதுவே.

காசநோய், முடக்குவாதம் போன்ற நாள்பட்ட நோய்களில் வரும் ரத்தசோகையிலும், மேக்ரோஃபேஜ் நிலைகுலைந்தால் சிவப்பணு வாடும் என்ற இதே தர்க்கம் ஓடுகிறது. அழற்சி மிகும்போது கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் பெருகுகிறது. மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் இரும்பு வெளியே வந்து இளம் சிவப்பணுக்களைச் சேர வழி அடைபடுகிறது. அழற்சியைத் தணிக்காமல் இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்தால் பலன் குறைவது இதனால்தான்.

2013-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் பேச்சின் திசையை மாற்றின. மேக்ரோஃபேஜை ஒழித்த எலிகள் ரத்த இழப்பிலிருந்து மீளத் திணறின; ஆனால் பீட்டா தலசீமியா என்ற மரபுவழி ரத்தநோய் உள்ள எலிகளின் ரத்தசோகை தணிந்தது. அதாவது, நலமான அணுக்களை வளர்க்கும் அதே அணைப்பு, நோயுற்ற உற்பத்தியையும் தாங்கிப் பிடிக்கிறது.

இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. மஜ்ஜையைப் பிரித்தெடுக்கும்போது மேக்ரோஃபேஜ்கள் கிழிந்து, அவற்றின் துண்டுகள் வேறு அணுக்களில் ஒட்டிக்கொள்கின்றன என்று 2021-இல் தெரியவந்தது. பிரித்தெடுத்த அணுக்களை மேற்பரப்புக் குறிகளைக் கொண்டு எண்ணிய பழைய முடிவுகள் பலவற்றை மறுபடி சோதித்தாக வேண்டும். தலசீமியாவுக்கு இந்த வழியில் மருந்து தேடுவோர் முதலில் மனித மஜ்ஜைத் திசுவை, தீவு கலையாத நிலையில், நேரில் பார்க்கட்டும். எலியின் முடிவை மட்டும் நம்பி நோயாளியிடம் போவது சரியல்ல.