எட்டுப் பூனைகளின் வரிசை

உளவியல் நூல்களைப் புரட்டியவர்களுக்கு அந்தப் படவரிசை நினைவிருக்கும். முதற் படத்தில் உருண்டைக் கண்களுடன் சாதுவான ஒரு பூனை. அடுத்தடுத்த படங்களில் அதன் மயிர் சிலிர்க்கிறது; கண்கள் மிரளுகின்றன; உடலைச் சுற்றி வண்ணக் கதிர்கள் பாய்கின்றன. கடைசிப் படத்தில் பூனையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கோலம் போன்றதொரு வடிவமே மிஞ்சுகிறது. மனச்சிதைவு நோய் முற்ற முற்ற ஓவியரின் பார்வை எவ்வாறு குலைந்தது பாருங்கள் என்று அடியில் குறிப்பு எழுதியிருப்பார்கள். பார்த்தவுடன் நம்பத் தோன்றும். நம்பவேண்டாம் என்று சொல்லவே இக்கட்டுரை.

ஓவியர் பெயர் லூயிஸ் வெயின் (1860–1939), ஆங்கிலேயர். மனிதரைப்போல் தேநீர் அருந்தும் பூனைகளை வரைந்து புகழ் பெற்றவர். 1924இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; இறுதிவரை மருத்துவமனை வாழ்க்கைதான். இந்த எட்டுப் படங்களை வால்ட்டர் மக்லே என்னும் மனநோய் மருத்துவர் 1939இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு கடையில் கண்டு வாங்கினார். படங்களில் தேதியே இல்லை. எது முந்தியது, எது பிந்தியது? மருத்துவரே வரிசைப்படுத்தினார், நோய் வளர்ந்தால் படம் இப்படித்தான் மாறும் என்ற எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு! பிறகு அந்த வரிசையே அந்த எண்ணத்துக்குச் சான்றாகிவிட்டது. விடையைப் பார்த்துக் கணக்குப் போட்ட கதைதான்.

கோலப் படங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வெயின் வழக்கமான பூனைகளை வரைந்ததாக அவர் வரலாற்றை எழுதிய ராட்னி டேல் சுட்டிக்காட்டுகிறார். வெயினின் தந்தை துணி வணிகர் என்பதையும் மறக்கக்கூடாது. என் கண்ணுக்கு, அந்தக் கடைசிப் படத்தில் குலைவு தெரியவில்லை. இடமும் வலமும் பிசகாமல் பொருந்தியிருக்கின்றன, கோடு நடுங்கவில்லை. விசித்திரமாக வரைகிற பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவதற்கு அந்தப் பாடநூற் பக்கம் ஒன்றே போதும்.

அப்படியானால் மனநோயில் பார்வை மாறுவதே இல்லையா? மாறுகிறது, ஆனால் பூனை பூதமாவதைப் போலன்று. கறுப்பும் வெளுப்பும் கலந்த ஒரு சிறு வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அதைவிடப் பளிச்சென்ற கறுப்பு வெளுப்பு இருந்தால், நடுவட்டம் நமக்கு உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். மூளையின் பார்வைப் பகுதியில் அண்டை நரம்பணுக்கள் ஒன்றையொன்று அடக்குவதே காரணம் என்பர். 2005இல் ஸ்டீவன் டேக்கினும் உடன் ஆய்வாளர்களும் மனச்சிதைவு நோயாளிகள் 15 பேரை இதில் சோதித்தனர். அவர்களுள் 12 பேர், நலமுள்ள குழுவில் மிகச் சரியாகச் சொன்னவரையே விஞ்சிவிட்டார்கள்! நாம் ஏமாறும் இடத்தில் அவர்கள் ஏமாறவில்லை.

உடனே, ஒரு படத்தைக் காட்டி நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதக் கிளம்புவோர் உண்டு. அதுவும் மக்லேயின் அவசரமே. 2021இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் மனச்சோர்வு நோயாளிகளிடமும் இவ்வகை அடக்கம் குறைந்திருக்கக் கண்டார்கள். வெளிச்சத்தை ஒட்டிய மாயத்தோற்றத்தில் மட்டும் அந்நோயாளிகள் பிறரைப் போலவே ஏமாந்தனர். ஆகவே மாறுதல் விழித்திரையில் அன்று, மூளைப் புறணியில் என்று கருதினர். ஆனால் 2010இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் குழுவினர், மனச்சோர்வு உள்ளவர்களின் விழித்திரையிலேயே மின்துலங்கல் குறைந்திருப்பதை அளந்திருந்தார்கள். இரு நோய்களில் ஒத்த அடையாளம். ஒரே நோயில் இரண்டு இடங்கள்! போதாக்குறைக்கு, இவை யாவும் குழுச் சராசரிகள். உங்கள் முன் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அவை தீர்ப்புச் சொல்லா.

வெயினிடம் இப்படி எதையும் எவரும் அளந்ததில்லை. 1925 முதல் 1930 வரை அவர் இருந்த பெத்லம் மருத்துவமனையில், கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காகக் கண்ணாடிகளின்மேல் பூனைகளை வரைந்தார். அவை பிழைத்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய வெயின் பூனைகளேதான்: உருண்டைக் கண்கள், குறும்புச் சிரிப்பு. எட்டுப் படங்களின் வரிசையில் அவற்றுக்கு இடமில்லை.