மறையாத கை

நம் கிருஷ்ணன்கோவிலுக்கு அண்மையிலுள்ள சிவகாசியில் 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மாயாவி கதைகள் மறுபதிப்பாக வரும்போதெல்லாம் வாசகர்கள் தாளையும் அச்சையும் விலையையும் பற்றியே கருத்துரைக்கின்றனர். அச்சுத் தொழிலுக்குப் பேர்போன வட்டாரத்தில் இது இயல்பே. கதையைப் பற்றியோ பேச்சில்லை. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் அறிமுகமானபோது மாயாவி நல்லவனல்லன். மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்ததும், எவரும் காணார் என்ற துணிவில் குற்றத்தில் இறங்கினான். பின்னரே மனந்திரும்பி உளவுப் பணியேற்றான். உடல் மறைந்தும் இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. கதையின் உயிர் அதுவே என்போம். பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தமாகும் சிறுவர்க்கு மனச்சான்றை விளக்க இதனினும் எளிய படம் நமக்குக் கிட்டியதில்லை.