தலைக்கு மேல் மூன்று மைக்

இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து, டெக்கா நிறுவனத்தின் பழைய ஸ்டீரியோ இசைத்தட்டு ஒன்றைக் கேளுங்கள். வயலின்கள் இடப்பக்கம், செல்லோக்கள் வலப்பக்கம், நடுவில் சற்றுப் பின்தள்ளிப் புல்லாங்குழல். ஒவ்வொரு வாத்தியமும் இருக்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டிவிடலாம்.

இந்த அழகின் பின்னால் இருப்பது, 1954-இல் லண்டன் டெக்கா பொறியாளர்கள் வகுத்த ‘டெக்கா ட்ரீ’. இசை நடத்துநரின் தலைக்கு மேல், ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் மூன்று மைக்குகள். இடதுக்கும் வலதுக்கும் சுமார் 2 மீட்டர் இடைவெளி. மூன்றாவது நடுவில், வாத்தியங்களை நோக்கி முன்னே. வயலின் ஒலி இடது மைக்கை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு முந்தித் தொடுகிறது. திசையைக் காதுக்குச் சொல்வது அந்த முந்தலும் ஒலி அளவின் வித்தியாசமும்தான். நடு மைக் இல்லாவிட்டால் மையம் வெறிச்சென்று போகும்.

ஆழத்தைத் தருவது அரங்கம். லண்டன் கிங்ஸ்வே ஹாலின் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலிதான் பின்வரிசை ஊதுகருவிகளுக்குத் தொலைவைக் கொடுத்தது. அடியில் ஓடிய சுரங்க ரயிலின் உறுமல் சில பதிவுகளில் இன்றும் கேட்கிறது. அப்படியும் பொறியாளர்கள் அந்த மண்டபத்தையே நாடிப் போனார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக் வைத்து, பிறகு மிக்ஸரில் இடம் ஒதுக்கும் பதிவுகளில் அந்த விசாலம் எனக்குக் கிடைத்ததே இல்லை.