சொல்லறிதலும் உளநூலாரும்

சிறார் சொற்களை எங்ஙனம் கற்கின்றனர் என்னும் வினாவிற்கு நடத்தைக் கொள்கையினர் தரும் விடை எளிது. பொருளைக் காணல் தூண்டல். சொல்லை மொழிதல் துலங்கல். பெற்றோரின் மகிழ்ச்சி அத்துலங்கலை வலுப்படுத்தும் பரிசு. ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூலில் மொழி முழுவதையும் இவ்வழியே விளக்க முயன்றார். 1959இல் சோம்ஸ்கி எழுதிய மதிப்புரை அம்முயற்சியின் அடித்தளத்தையே அசைத்தது.

பழுகாமத்து வயலோரத்தில் எருமையின் முதுகிற் கொக்கொன்று அமர்ந்திருக்க, தந்தை அதனைச் சுட்டிக் 'கொக்கு' என்கிறார் எனக் கொள்வோம். அச்சொல் குறிப்பது பறவையையா, வெண்மையையா, அமர்ந்திருத்தலையா, எருமையையா? சுட்டுவிரல் இதனைத் தெளிவிப்பதில்லை. ஆயினும் குழந்தை பெரும்பாலும் பிழையாது ஊகிக்கின்றது. ஒவ்வோர் ஊகத்திற்கும் பரிசளிக்க எவரும் காத்திருப்பதில்லை. பேசுவோன் கருத்தை நாடும் உள்ளத்தை ஒதுக்கிவிட்டு இதனை விளக்குதல் அரிது. அறிகைக் கொள்கையினர் வலுப்பெறுவது ஈண்டேயாம்.

அதனால் மனனஞ் செய்தல் அனைத்தும் பயனற்றதென்று முடித்தல் பொருந்தாது. திண்ணைப் பள்ளியின் நிகண்டுக் கல்வியைக் கிளிப்பிள்ளைக் கல்வியென இகழ்வார் உளர். அவர் சூடாமணி நிகண்டைத் திறந்து பார்த்தாரல்லர் போலும். எபிங்கௌசு என்னும் செருமானியர் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து மறதியை அளந்து, 1885இல் நூலாக்கினார். நிகண்டோ அதற்கு நேர்மாறு. தேவர், மக்கள், விலங்கு, மரம் எனப் பெயர்கள் ஆண்டு இனம் பிரிந்து நிற்கின்றன. பதினோராந் தொகுதியில் ஒருசொற் பல்பொருட் பெயர்கள் எதுகை முறையில் அடுக்கப்பெற்றுள்ளன. இனமும் ஓசையும் நினைவிற்குப் பற்றுக்கோடாகின்றன. அதன் குறை வேறு: சொல் வாக்கியத்துள் வழங்குமாற்றை அது காட்டுவதில்லை. இக்காலப் பாடநூல்களின் அருஞ்சொற் பட்டியல்கள் பல இக்குறையை மட்டும் ஏற்று, நிறைவைக் கைவிட்டன.

நம் இலக்கணநூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்ததும் இவ்விடத்து எண்ணத்தக்கது. இடுகுறியைப் பயின்றே கொள்ளல் வேண்டும். காரணப்பெயரை அதன் உறுப்புக்களாலும் உணரலாம். 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். அத்தகைய முயற்சிகளின் பயனை மொழிப்பற்றாக மட்டும் கருதுவோர் கற்போனை மறந்தவராவர். 'ஒளித்தொகுப்பு' என்று கேட்ட மாணவன் பாடத்திற்கு முன்னரே பாதிப் பொருளை அறிவான். 'போட்டோசிந்தசிசு' அவனுக்கு எபிங்கௌசின் அசைகளுள் ஒன்றே.