புல் முடிச்சும் பெட்டியும்: மலைபடுகடாத்தின் வழிகாட்டல் பற்றிய ஒரு நோக்கு

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையைப் பற்றி எழுதியோரிற் பெரும்பாலோர் அதன் முடிவிலிருந்தே அதனை நோக்கியுள்ளனர். பரிசில் பெற்று மீளும் ஒருவன், பெறாது வாடும் மற்றொருவனை வழியிற் கண்டு வள்ளலொருவனிடம் அவனைச் செலுத்துவதே ஆற்றுப்படை என்பது தொல்காப்பியம் தரும் விளக்கத்தின் சாரம். இவ்விளக்கத்தில் வள்ளலும் பரிசிலும் முன்னிற்க, வழி பின்னே தள்ளப்பட்டுவிடுகிறது. பாடநூல்களும் வினாத்தாள்களும் இம்மரபையே பேணி வந்துள்ளன. நன்னனின் கொடைச் சிறப்பை விளக்குமாறு கேட்கப்படும் மாணவன், நன்னனிடம் போய்ச் சேர்வது எவ்வாறு என்று கேட்கப்படுவதில்லை. ஆயின் பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாத்தின் 583 அடிகளைத் தொடர்ந்து படிப்போருக்கு, அந்நூலிற் பெரும்பகுதி நடப்பதைப் பற்றியதே என்பது புலனாகும். எங்கே வழுக்கும், எதைப் பற்றிக்கொள்ள வேண்டும், எந்நேரத்திற் புறப்பட வேண்டும், வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பனவே பெருங்கௌசிகனார் விரித்துரைக்கும் பொருள்கள்.

இந்நூலை இன்று மீளப் படிப்பதற்கான தூண்டுதல் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், செய்மதி இடங்காட்டிச் சமிக்ஞைகளில் அதுவரை வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. ஏறத்தாழ நூறு மீற்றர் வரை வழுவிய கணிப்பு ஒரே இரவில் பன்மடங்கு துல்லியமாயிற்று. மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிறீக் என்னும் ஊருக்கருகே காட்டில் ஒரு வாளியை வைத்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவித்தார். கண்டெடுப்போர் அதிலுள்ளவற்றுள் ஒன்றை எடுக்கலாம். வேறொன்றை வைக்க வேண்டும். உள்ளேயிருக்கும் குறிப்பேட்டிற் பதிய வேண்டும். புத்தகங்கள், உணவு, சிறிது பணம் ஆகியவற்றுடன் ஒரு கெற்றப்போலும் அவ்வாளியில் இருந்ததாம். ஜியோகாஷிங் எனப்படும் பொழுதுபோக்கு இவ்வாறு பிறந்தது. இன்று உலகெங்கும் பல இலட்சம் பெட்டிகள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் எட்டவியலாத கிரான்மியர் குளத்தருகே வந்து சேர்வோர் தம் பெயர்ச்சீட்டுகளை இட்டுச்செல்ல ஒரு போத்தலை வைத்ததனை இதன் முன்னோடியாகக் கொள்வர்.

முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்கு வழி சொல்லுதல் என்ற அளவில் இதுவும் ஓர் ஆற்றுப்படையே. இவ்வொப்புமையை இத்துடன் நிறுத்திக்கொண்டு வியந்து மகிழ்வது எளிது. பழந்தமிழரிடம் எல்லாம் இருந்தன என்று காட்டும் கட்டுரைகளுக்கு நம் ஆண்டு மலர்களிற் பஞ்சமில்லை. ஒப்புமை முறியும் இடமே ஈண்டு ஆராயத்தக்கது.

அது முறியும் முதலிடத்தைக் காண்பதற்கு மலைக்குப் போகவேண்டியதில்லை. ஒருகொடவத்தைச் சந்தி போதும். பேஸ்லைன் வீதி பழைய அவிசாவளை வீதியைச் சந்திக்கும் இவ்விடம், களனி கங்கைக்கு அணித்தான தாழ்நிலம். கொள்கலன் முற்றங்களும் பாரவூர்திகளும் நிறைந்தது. 2021இல் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் கிளையொன்று இவ்வயலிலேயே வந்திறங்குகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் விடுமுறை நாள்களிற் கூட்டாளிகளோடு மலையேறப் புறப்படும் இளைஞர்க்கு இது கடந்துபோகும் இடமேயன்றித் தங்கும் இடமன்று. நிலத்தின் கடினத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்தும் அப்பொழுதுபோக்கின் அளவுகோலில் இச்சந்திக்கு ஒன்று என்பதே கிடைக்கும்.

ஆயின் இங்கே ஒரு பெட்டியை ஒளித்து வைப்பவன் எதனைச் செய்தவனாவான்? 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்க் களஞ்சியங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. இத்தகைய நகரொன்றில் உரிமையாளர் அற்ற பெட்டி விளையாட்டுப் பொருளாக இருக்க முடியாது. பீவர்கிறீக்கில் வாளி வைக்கப்பட்ட அதே 2000 மே மாதத்தில், ஆனையிறவு வீழ்ந்த சில நாள்களின் பின், இலங்கையில் அவசரகால விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. அந்நாளிற் கையில் வரைபடமும் இடங்காட்டிக் கருவியுமாகப் பாலத்தடியில் எதையோ தேடி நிற்கும் தமிழ் இளைஞன் எவ்வாறு நோக்கப்பட்டிருப்பான் என்பதை விளக்க வேண்டியதில்லை. தேடுவதற்கும் மறைப்பதற்கும் அஞ்சாத மனநிலை ஒரு சமூகச் சலுகை என்பதனை அப்பொழுதுபோக்கின் விதிநூல்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

மலைபடுகடாம் இதனை அறிந்த நூல். அதன் மலை அபாயமற்றதன்று. அன்றியும் அபாயங்களிற் பல இயற்கையால் விளைந்தவையல்ல, அங்கு வாழும் மக்களின் தொழிலால் விளைந்தவை. பன்றி பிடிக்கக் குறவர் வைத்த கற்பொறிகள் ஒடுங்கிய வழிகளில் உள்ளன. ஆதலின் விடிந்த பின்னரே நடக்க வேண்டும் என்கிறான் வழிகாட்டும் கூத்தன். தினைப்புனத்துப் பரண்களிலிருந்து யானைகளை விரட்டக் கவண் வீசுகின்றனர். அக்கற்கள் உயிரைக் கொள்ளும் விசையுடன் வரும். ஆதலின் மரங்களின் மறைவிலே செல்ல வேண்டும். (பீவர்கிறீக் வாளியிற் கிடந்த கெற்றப்போலை இங்கே நினைவுகூராதிருத்தல் கடினம். ஒருவனுக்கு விளையாட்டுப் பரிசாயிருப்பது மற்றொருவனுக்குப் பயிர் காக்கும் கருவி.) பொறியும் கவணும் வழிப்போக்கனுக்கு எதிராக வைக்கப்பட்டவையல்ல. அவை ஒரு வாழ்க்கைமுறையின் உறுப்புகள். அம்மலை பிறர் உழைக்கும் இடம் என்ற உணர்வு எச்சரிக்கைகள் ஒவ்வொன்றிலும் அடங்கியுள்ளது. மயிலையும் பூவையும் பார்த்துக்கொண்டே நடவாதீர், கால் தவறும் என்று கூறுமிடத்தில், இயற்கையழகு பற்றிய இன்றைய மலையேறுவோரின் பரவசத்துக்கு முன்கூட்டியே ஒரு மறுமொழி கிடைத்துவிடுகிறது.

இந்நூலின் உச்சமாகக் கொள்ளத்தக்க பகுதி வேறொன்று. குறவரே வழி மயங்கும் குன்றில் அகப்பட்டுக்கொண்டால் என் செய்வது? கூத்தன் தரும் விடை வியப்பூட்டுவது. நடப்பதை நிறுத்தி, அகன்ற பாறையொன்றில் அனைவரும் கூடி, வாத்தியங்களை இசைக்க வேண்டும். ஒலி கேட்டுப் புனங்காப்போர் வருவர்; உண்ணப் பழமும் சூடப் பூவும் தந்து, தாமே முன்னின்று வழி காட்டுவர். வழி தெரியாமை இங்கு வெட்கத்துக்குரிய குறையாகக் கருதப்படவில்லை. அங்கு வாழ்வோருடன் உறவு தொடங்கும் தருணமாகவே அது அமைகிறது. செய்மதிக் கருவியின் பயனோ, இத்தருணம் என்றும் நேராதவாறு காப்பதே. கருவி வைத்திருப்பவன் எவரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. எனவே எவரையும் அறியாமலே மலையைக் கடந்துவிடலாம்.

இவ்விலகல் அப்பொழுதுபோக்கின் சொல்வழக்கிலேயே பதிவாகியுள்ளது. விளையாட்டில் ஈடுபடாத, பெட்டி இருப்பதை அறியாத மக்கள் அனைவரையும் அவர்கள் 'மக்கிள்' என்பர். மந்திரம் அறியாச் சாதாரணரைக் குறிக்க ஹரி பொட்டர் கதைகளில் வரும் சொல் இது. அவர்களது கண்ணிற் படாமற் பெட்டியை எடுத்து மீள வைப்பதே திறமை. வேடிக்கைக்காக இட்ட பெயர்தான் என்று இதனை விட்டுவிடலாம். ஆனால் இச்சொல்லை இலங்கையின் மலைநாட்டுக்குக் கொண்டுசென்றால் அதன் வேடிக்கை நிலைப்பதில்லை. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ ட்ரெயில்' என்னும் நடைவழி, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்க உதவி நிறுவனத்தினதும் ஆதரவுடன் அமைந்த இவ்வழி, தேயிலையை ஏற்றி இறக்கப் பிரித்தானியர் காலத்தில் வெட்டப்பட்ட பாதைகளையே பெரிதும் பின்பற்றுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் இதன் வழியில் உள்ளது. பாதையின் இருமருங்கும் லயன்கள். அங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பான்மையினர் தமிழர். பாதையை வெட்டியோரும் அவர்தம் முன்னோரே.

இங்கே ஒரு சொல் கவனத்துக்குரியது. தோட்டத் தமிழில் 'மலை' என்பது கொழுந்து பறிக்கும் நிலத்தையே குறிக்கும். 'மலைக்குப் போதல்' என்றால் வேலைக்குப் போதல். கொழும்பிலிருந்து வரும் இளைஞனும் 'மலைக்குப் போகிறேன்' என்றே வீட்டிற் சொல்லிப் புறப்படுகிறான். ஒரே தொடர் ஒருவனுக்கு ஓய்வையும் மற்றொருவருக்கு நாட்கூலியையும் சுட்டுகிறது. இருவரும் தமிழரே, அதனால் வேறுபாடு குறைந்துவிடுவதில்லை. இனத்தால் ஒன்றுபட்டோர் வர்க்கத்தால் எத்துணைத் தொலைவில் நிற்கின்றனர் என்பதனை இத்தொடர் எந்தப் புள்ளிவிபரத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

பெருங்கௌசிகனாரை இவ்விடத்தில் ஒரு மக்கட் கவிஞராக உயர்த்திவிடும் ஆசை எழலாம். அதற்கு நூல் இடந்தராது. குறவர் குடியிற் புகுந்து, சொந்த வீட்டார் போலத் தயங்காமல் உள்ளே சென்று, நன்னனின் கூத்தர் நாம் என்று சொன்னால் ஊனும் தினைச்சோறும் கிடைக்கும் என்று கூத்தன் கூறுகிறான். நன்னனின் பெயர் சொல்லப்படாவிடில் அவ்விருந்து கிடைத்திருக்குமா என்ற வினாவை நூல் எழுப்புவதில்லை. அன்பினால் இட்ட சோறா, தலைவனுக்குச் செலுத்திய கடமையின் ஒரு பங்கா என்பது பிரித்தறிய முடியாதவாறு கலந்து கிடக்கிறது. ஆற்றுப்படைகளை நிலவுடைமைத் தலைவரின் அதிகாரத்தைப் பரப்பும் கருவிகளாகக் காண்போர் இப்பகுதியைத் தம் பக்கச் சான்றாகக் கொள்வதில் நியாயமுண்டு. இதனை ஏற்றுக்கொள்ளும்போதும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதிகாரத்தின் பெயரால் உள்ளே சென்றவர்க்குக்கூட அங்கே மக்கள் இருந்தனர், அவர்களுக்குத் தொழிலும் பேச்சும் விருந்தும் இருந்தன. 1344இல் இபின் பதூதா சிவனொளிபாதமலைக்கு ஏறச் சென்றபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருடன் ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், பொருள் சுமக்கப் பதினைவரையும் அனுப்பினான். அப்பயணக் குறிப்பிற் சுமந்தோர் ஓர் எண்ணாக மட்டுமே எஞ்சுகின்றனர். இதனோடு ஒப்பிடுகையில், பாறையில் நின்று ஒலியெழுப்பினால் பழத்துடன் வரும் புனங்காவலன் எவ்வளவு தெளிவாகக் கண்முன் நிற்கிறான்!

கூத்தர் காட்டைக் கடக்கும் பகுதியில் வரும் மற்றொரு செய்தியும் கருதற்பாலது. பல வழிகள் சந்திக்கும் இடத்தை அடையும் புதியவர், அவ்விடத்தைக் கையால் துடைத்துச் செம்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்ல வேண்டும். பின்னே வருவோர் வழி மாறார். உ. வே. சாமிநாதையர் 1889இற் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்முதல் இவ்வடிகள் அச்சில் உள்ளன; ஆயினும் இவற்றை நின்று நோக்கியோர் சிலரே. பெட்டியினுள்ளே வைக்கப்படும் குறிப்பேட்டில் வந்தவன் தன் பெயரையும் தேதியையும் எழுதுகிறான். அது 'நான் வந்தேன்' என்று சொல்வது. புல் முடிச்சிலோ பெயரில்லை. முடிந்தவன் யாரென்று எவர்க்கும் தெரியாது. சில நாளில் வாடி உதிர்ந்துவிடும். அதனை மறைத்து வைப்பதும் இல்லை. எவர் கண்ணுக்கும் படுமாறு, சந்தியின் நடுவே அது கிடக்கும்.

அவ்வழியிற் பெயர்கள் எழுதப்பட்ட இடம் வேறு. போரில் இறந்தோரின் நடுகற்கள் வழிநெடுக நிற்கின்றன. அவற்றின் முன் நின்று யாழிசைத்து வணங்கிச் செல்க என்கிறான் கூத்தன். 1823 முதல் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்த தொழிலாளருள் நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தோர் பலர். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, 2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடை, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. அதில் நடந்தோர் பின்பற்றியது பொழுதுபோக்குக்காக எவரும் வகுத்த வழியை அன்று. இறந்தோர் சென்ற வழியை. மலைபடுகடாத்தில் நடுகல் பற்றிய அடிகளை அடுத்தே புல் முடிச்சு வருகிறது.