அறிவின்மைச் சொற்களும் வியாக்கியான மரபும்

அருளிச்செயல்களிலும் அவற்றோடு இயைந்த வடமொழி நூல்களிலும் அறிவின்மையைக் குறிக்கும் சொற்கள் பல. மடம், மூர்க்கம், அறிவின்மை, மூடன், அஜ்ஞன் என வரும் இவற்றுக்கெல்லாம் அண்மைக்காலத்து எளிய பதவுரைகள் சில, 'அறிவற்ற தன்மை', 'அறிவற்றவன்' என்று ஒரே பொருளை எழுதிச் செல்கின்றன. இதனால் விளையும் தீங்கு இரண்டு. பெரியோர் தம்மை அறிவிலார் என்று சொல்லிக்கொள்ளுமிடம் வெறும் உபசார வார்த்தையாய் முடிவது ஒன்று. அறியாமையே பக்தனுக்கு அழகு, காலக்ஷேபமும் கல்வியும் வேண்டா என்ற எண்ணம் தலையெடுப்பது மற்றொன்று. பூர்வாசாரியர்களின் வியாக்கியானங்கள் இவ்விரண்டுக்கும் இடமளிப்பவை அல்ல.

திருப்பாவையின் 28-ஆம் பாசுரத்தை முதலில் நோக்கலாம். பசுக்களின் பின்னே காடு சென்று உண்டு திரியும் தம் குலத்துக்கு அறிவு சிறிதும் இல்லை என்று ஆய்ச்சியர் விண்ணப்பம் செய்கின்றனர். இதனை இடைக்குலத்தின் பேதைமை என்று கொள்வது மேலோட்டமான பொருள். அதே பாசுரத்தில், கண்ணனோடு தங்களுக்குள்ள உறவு அவனாலும் தங்களாலும் ஒழிக்க ஒண்ணாதது என்றும் அவர்களே சொல்லுகின்றனர். ஸம்பந்த ஜ்ஞானம் இத்தனை தெளிவாக உடையவரை ஒன்றும் அறியாதவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆகவே இங்கே மறுக்கப்படுவது அறிவு என்னும் பொருளன்று; பேற்றுக்கு உபாயமாகத் தம் கையில் பிடித்துக் காட்டத்தக்க அறிவு. கர்மயோகம் இல்லை என்றபின் ஜ்ஞானமும் இல்லை என்றனர். பக்தியும் ஜ்ஞானத்தின் ஓர் அவஸ்தையேயாகலின், அதுவும் இல்லையாயிற்று என்று கொள்வது உரைமரபு. இது ஆகிஞ்சந்யத்தைச் சொல்லும் சொல். மந்தபுத்தியைச் சொல்லும் சொல் அன்று.

இதற்கு அப்பாசுரத்தின் சொல்லமைதியும் சான்று. ஆய்ச்சியரின் இன்மையைச் சொல்லுமிடத்தும், கோவிந்தனின் நிறைவைச் சொல்லுமிடத்தும் 'ஒன்றும்' என்ற சொல்லே வருகின்றது. இதிலுள்ள உம்மை முற்றும்மை. சிறிது அறிவு இவர்களிடம் இருந்தால் அந்த அளவுக்கு அவன் நிறைவுக்குச் செயல் இல்லையாம். இன்மையும் முற்று, நிறைவும் முற்று என்று இரண்டும் நேர்நிற்பதே பாசுரத்தின் அழகு. 'அறிவு குறைந்த இடையர்' என்று எழுதும் பதவுரை இந்த முற்றும்மையை இழந்துவிடுகின்றது.

இனி, மடம் என்னும் சொல். தொல்காப்பியம் அச்சத்தோடும் நாணத்தோடும் இதனைப் பெண்மைக் குணமாக எண்ணுகின்றது. பிறர் உணர்த்தியதை ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருத்தல் என்பது இதற்கு இலக்கண உரையாசிரியர் கண்ட பொருள். ஆழ்வார்கள் தம் நெஞ்சை மடநெஞ்சு என்னுமிடங்களில் பவ்யம் என்றும், பற்றிற்று விடாமை என்றும் வியாக்கியானங்கள் பொருள் காட்டுவது இதனோடு ஒத்தது. 'முட்டாள் மனம்' என்று மொழிபெயர்ப்பின் ஆழ்வார் நெஞ்சின் ஏற்றமே மறைந்துபோகும்.

இதற்கு அருகில் வைத்துக் காணத்தக்கது மூர்க்கம். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் ஒரே பாட்டில் தம்மை மூர்க்கன் என்று மீண்டும் மீண்டும் சொல்லிக்கொள்ளுகிறார். வடமொழியில் இச்சொல் மூடனைக் குறிக்கும். தமிழ் வழக்கிலோ பிடிவாதக்காரனைக் குறிக்கும். மூர்க்கனையும் முதலையையும் சேர்த்துச் சொல்லும் பழமொழி இதற்குப் போதிய சான்று. மடமும் விடாது, மூர்க்கமும் விடாது. பெரியோர் உணர்த்த ஏற்றதை விடாதது மடம். தானே பற்றியதைத் தீதென்று தெரிந்தும் விடாதது மூர்க்கம். இரண்டுக்கும் வேற்றுமை அறிவின் அளவில் இல்லை, பற்றிய பொருளில் உளது.

இந்நுட்பம் எம்பெருமானாரின் கீதாபாஷ்யத்தில் இன்னும் தெளிவாகின்றது. 7-ஆம் அத்தியாயம் 15-ஆம் சுலோகம் பகவானைப் பற்றாத நால்வரைக் கூறும். அவருள் மூடன், பகவத் ஸ்வரூபத்தை அறியாமல் ஆத்மாவையும் போக்யங்களையும் தனக்கே சேஷம் என்று எண்ணுபவன். நராதமன், பொதுவாக அறிந்திருந்தும் அவனை நோக்கித் திரும்பத் தகுதியற்றவன். மூன்றாமவன், பெற்ற ஜ்ஞானத்தைக் கூடயுக்திகளால் பறிகொடுத்தவன். நான்காமவனுக்கு ஜ்ஞானம் உறுதியாகவே உண்டு. அது த்வேஷத்துக்கே காரணமாகின்றது. இவர்களுள் பின்பின் சொல்லப்பட்டவர் முன்னையோரினும் பாபம் மிக்கவர் என்று பாஷ்யகாரர் அருளிச்செய்கிறார். மூடன் என்ற வசவுச்சொல்லைப் பெற்றவன் நால்வரிலும் பாபம் குறைந்தவன்; உறுதியான அறிவுடையவனோ கடையனாகின்றான். அறிவு உண்டா இல்லையா என்பதைவிட, அது எத்திசை நோக்கியது என்பதே இங்கு அளவுகோல் என்பது வெளிப்படை.

அங்ஙனமாயின் அறியாமையை மரபு போற்றுகின்றதா என்ற ஐயம் எழலாம். இதற்கு விடை பிள்ளைலோகாசாரியரின் ஸ்ரீவசநபூஷணத்தில் உளது. ப்ரபத்திக்கு அதிகாரிகள் அஜ்ஞர், ஜ்ஞாநாதிகர், பக்திபரவசர் என மூவர் என்றும், அவர் முறையே நம்போல்வாரும் பூர்வாசாரியர்களும் ஆழ்வார்களும் என்றும் அவர் பகுத்தருளினார். அஜ்ஞர் என்ற சொல் இங்கே ஓர் அதிகாரத்தின் பெயராகின்றது. அஜ்ஞன் தன் அறியாமையால் வேறு உபாயம் செய்ய மாட்டான். ஜ்ஞாநாதிகன் ஸ்வரூபத்தை உள்ளபடி அறிந்தமையால் செய்யான். பக்திபரவசன் பரவசத்தால் ஒன்றையும் அடைவுபடச் செய்ய வல்லனல்லன். மூவர்க்கும் பற்றுமிடம் ஒன்றே. அறியாமை இவ்விடத்தில் தடையாகவில்லை, அவ்வளவே. அது குணமென்று எங்கும் சொல்லப்படவில்லை.

மேலும், தத்துவங்களையும் ரஹஸ்யங்களையும் விரித்து அருளிய பிள்ளைலோகாசாரியரே தம்மை அஜ்ஞர் கோஷ்டியில் வைத்துப் பேசினார். இது நைச்சியாநுஸந்தானம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நைச்சியம் என்ற அளவில் பொருள் முடிந்துவிடவில்லை. தன் அறிவு உபாயமாகாது என்று உணர்வதற்கே பெரியதோர் அறிவு வேண்டும். அவ்வறிவு ஆசாரியன் திருவடிகளில் கேட்டுப் பெற வேண்டுவது. கல்லாதவன் தன்னை அறிவிலி என்று சொல்வது உள்ளதை உரைத்தல். கற்றுத் தெளிந்தவர் அங்ஙனம் சொல்வது அக்கல்வியின் பயன்.

ஆதலின் பதவுரை எழுதுவோர் இச்சொற்கள் வருமிடந்தோறும் ஒன்றை ஆராய்தல் தகும்: இவ்விடத்தில் மறுக்கப்படுவது எந்த அறிவு? உபாயமான அறிவா, பகவத்விஷயமான அறிவா, அன்றி அறிந்தும் விடாத பிடிவாதமா? இவ்வினாவை விட்டு எல்லாவற்றையும் அறிவற்ற தன்மை என்று எழுதினால், ஆய்ச்சியரின் ஆகிஞ்சந்யமும் ஆழ்வார் நெஞ்சின் பவ்யமும் த்வேஷியின் கேடும் ஒரே பெயர் பெற்று நிற்கும். அவற்றைப் பிரித்து உணர்த்தவே பூர்வாசாரியர்கள் வியாக்கியானங்களை அருளிச்செய்தனர்.