நெல்லை விற்றவர் யார்?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்பின் நேரடிப் பயிற்சி) சேரும் மாணவருக்கு வரிச் சட்டத்தைக் கற்றுக்கொடுப்பது அரிசி ஆலையின் கொள்முதல் பேரேடு. பக்கம் பக்கமாக ரொக்கப் பட்டுவாடா இருக்கும். வருமான வரிச் சட்டப்படி, ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. ஆனால் விளைபொருளை விளைவித்தவரிடமே வாங்கிப் பணம் கொடுத்தால், விதிகள் விலக்கு அளிக்கின்றன. அதே நெல் ஊர் வியாபாரி கைமாறி வந்திருந்தால் விலக்கு கிடையாது. ஆகவே ஒவ்வொரு வவுச்சரையும் எடுத்து, நெல்லை விற்றவர் யார் என்று கேட்டாக வேண்டும்.

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்விக்குச் சுலபமாக விடை வராது. சிட்டாவில் ஒருவர் பெயர் இருக்கும். வயலில் இறங்குபவர் வாய்மொழிக் குத்தகைதாரராக இருப்பார். கோயில் நிலமோ மடத்து நிலமோ என்றால் பட்டாவில் சாமி பெயரோ மடத்தின் பெயரோ நிற்கும். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். குறுவை நெல்லை மூட்டை பிடித்து ஆலைக்கு வண்டியில் ஏற்றி வந்தவர் விவசாயியா, தரகரா என்பதை ஆலைக் கணக்குப்பிள்ளையிடம் உட்கார்ந்து பேசித்தான் பிரித்தறிய வேண்டும். இதைப் பாடப்புத்தகம் கற்றுத் தராது. இந்தப் பயிற்சியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அரசியல் சட்டமே இந்தக் கேள்விக்கு எடை கூட்டியிருக்கிறது. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்துக்குத்தான் மத்திய அரசு வரி போட முடியும். வேளாண் வருமான வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நிலத்தை உழுதவரின் வருமானமும், அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெறும் வாரமும் வேளாண் வருமானமே. அடுத்தவர் நெல்லை வாங்கி அரைத்து விற்கும் ஆலையின் லாபம் தொழில் வருமானம். மூன்றும் ஒரே குடும்பத்தில் இருப்பது இங்கே சர்வ சாதாரணம். வரிக்கு உட்படாத பணம் எது, உட்படும் பணம் எது என்ற கோட்டைப் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை ஒவ்வொரு கோப்பிலும் தானே இழுத்துப் பார்க்கிறார்.

ரொக்கம் இன்னொரு வழியிலும் வந்து நிற்கும். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருக்கும் தொழிலுக்கு 10 கோடி ரூபாய் விற்றுமுதல் வரை வரித் தணிக்கை வேண்டாம். விவசாயிக்குக் கையில் பணம் கொடுக்கும் ஆலைக்கு அந்தச் சலுகை எட்டாது. பொதுவாக ஒரு கோடியைத் தாண்டினாலே தணிக்கை. செப்டம்பர் 30க்குள் அறிக்கை ஏற்ற வேண்டிய நெருக்கடியும் குறுவை அறுவடையும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

இதே மாணவர் சென்னையில் பன்னாட்டுப் பெயர் தாங்கிய பெரிய நிறுவனத்தின் வரிப் பிரிவில் சேர்ந்தால் படம் வேறு. ஒரு குழு டிடிஎஸ் கணக்குகளை ஒப்பிடும். இன்னொன்று வெளிநாட்டுத் துணை நிறுவனங்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு விலை ஆவணம் தயாரிக்கும். மற்றொன்று நோட்டீஸுக்குப் பதில் எழுதும். எழுத்து ஒழுங்கும் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கமும் அங்கே நன்றாக வரும். ஆனால் முழுக் கோப்பு கண்ணில் படுவது அரிது, பணம் கொடுத்தவரையும் வாங்கியவரையும் நேரில் பார்ப்பது அதைவிட அரிது.

இலங்கைக்குப் போனால் கேள்வியே மாறிவிடுகிறது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரில் பெரும்போகமும் சிறுபோகமும் விளைகின்றன. நெல் நம் நெல்தான். ஆனால் பயிர்ச்செய்கை வருமானத்தை மத்திய வரியிலிருந்து பிரிக்கும் அரசியல் சட்டச் சுவர் அங்கே இல்லை. நாடாளுமன்றம் காலவரையறையோடு விலக்குத் தரும், பிறகு எடுத்துக்கொள்ளும். ஆகவே அங்கே வரிப் பயிலுநர் முதலில் பார்ப்பது தேதியை.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 2019 இறுதியில் வரிகள் பெரிதாகக் குறைக்கப்பட்டன. வாட் 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அது ஜூனில் 12, செப்டம்பரில் 15 என ஏறியது; 2024 ஜனவரியில் 18 ஆனது. 2022/23 மதிப்பீட்டாண்டுக்குத் தனிநபர் கணக்கை முதல் ஒன்பது மாதம், கடைசி மூன்று மாதம் என்று இரண்டாக வெட்ட வேண்டியிருந்தது. முதல் பகுதிக்கு வரி நிவாரணம் 22.5 லட்சம் ரூபாய், இரண்டாவதற்கு 3 லட்சம். வீதங்களும் வேறு. கொழும்பில் பெரிய நிறுவனங்களில் அந்த ஆண்டு பயிற்சியில் இருந்தவர்கள் ஒரே மனிதரின் சம்பளத்துக்கு இரண்டு சட்டங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு பயிற்சி வாய்க்கவில்லை. அந்த நாட்டு மக்கள் அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால், வாய்க்காததே நல்லது.

பயிற்சியின் அமைப்பிலும் இரு நாடுகளும் பிரிகின்றன. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, இலங்கையினுடையது 1959இல். அங்கே பயிற்சி மூன்று ஆண்டு. தணிக்கை நிறுவனத்தில் மட்டுமின்றி, அங்கீகாரம் பெற்ற வணிக நிறுவனத்திலும் முடிக்கலாம். இங்கே 2023 ஜூலை முதல் மூன்று ஆண்டு இரண்டாகக் குறைந்துவிட்டது. இறுதித் தேர்வுக்குப் படிக்க ஆறு மாதம் தனியே கிடைக்கிறது என்பது நல்லதுதான். ஆனால் வரியைக் கற்க இரண்டு ஆண்டு போதாது என்றே நினைக்கிறேன். ஒரு கணக்கைத் தாக்கல் செய்து, அது ஆய்வுக்கு எடுக்கப்பட்டு, நோட்டீஸ் வந்து, பதில் எழுதி, உத்தரவு வருவதற்குள் பல நேரம் பயிற்சிக்காலம் முடிந்துவிடுகிறது. தான் ஏற்றுக்கொண்ட வவுச்சரை அதிகாரி ஏற்றாரா என்பதே தெரியாமல் பிள்ளை போய்விடுகிறார். இதில் இலங்கையின் மூன்று ஆண்டுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மொழியிலும் அவர்கள் ஒரு படி முன்னே. யாழ்ப்பாணத்து மாணவர் உயர்தரத்தில் கணக்கீட்டைத் தமிழில் படிக்கிறார். உள்நாட்டு இறைவரிச் சட்டமும் தமிழில் அச்சாகிறது. இங்கே பிளஸ் டூ வரை கணக்குப்பதிவியலைத் தமிழில் படிக்கலாம். அதற்கு மேல் சி.ஏ. தேர்வுக்கு ஆங்கிலம் அல்லது இந்திதான். ஒரத்தநாட்டு அரசுப் பள்ளியிலிருந்து வருபவர் வரியையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் கற்கிறார்.

நம்மிடம் உள்ள பலம் பரவல். கொழும்பில் பெரிய நிறுவனங்கள் குவிந்திருப்பதால் வடக்கு, கிழக்குப் பிள்ளைகள் பலர் அறை எடுத்துத் தங்கி அங்கே பயிற்சி பெறுகிறார்கள். டெல்டாவில் வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் கும்பகோணம் போய்ப் பயிற்சி பெறலாம். அந்தப் பலத்தை உதவித்தொகை விதி குறைக்கிறது. குறைந்தபட்சத் தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 20 லட்சத்துக்கு மேல் ஒன்று, 4 லட்சத்துக்கு மேல் ஒன்று, அதற்குக் கீழே மிகக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 2.2 லட்சம் பேர் இருந்த தஞ்சாவூர் கடைசிப் படியில் நின்றது. சென்னையில் வாடகை அதிகம் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் ஆலைக் களத்தில் நின்று, நெல் விற்றவரைக் கேட்டு எழுதும் வேலை பெருநகர வேலையைவிட எந்த விதத்திலும் சிறியதல்ல. கீழ்ப்படியை நடுப்படியோடு சேர்த்துவிட்டால் ஊரிலேயே பயிற்சியை முடிக்க நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆதரவு. விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும்.